சின்ன எழுத்தில் ஒரு பெயர்

1799ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி தலைநகரான கல்கத்தாவில் இல்லை. திப்பு சுல்தானுடனான கடைசிப் போரை மேற்பார்வையிட வந்து, சென்னை ஜார்ஜ் கோட்டையில் தங்கியிருந்தார். போர்க்கவலை ஒரு பக்கம் இருக்க, அவரை இன்னொன்றும் எரிச்சலூட்டியது. ஆங்கிலேயர்களே ஆங்கிலேயர்களுக்காகக் கல்கத்தாவில் நடத்திய பத்திரிகைகள்தான் அது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைப் பற்றி அவை எழுதுவதெல்லாம் திப்புவின் காதுக்கும் பிரெஞ்சுக்காரர்களின் காதுக்கும் போய்ச்சேரும் என்று அவர் அஞ்சினார். இந்த ஆசிரியர் கூட்டத்துக்குச் சீக்கிரமே விதிகள் எழுதி அனுப்புவதாகவும், அதுவரை அடங்காதவர்களைக் கப்பலேற்றிவிடும்படியும் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கடிதம் போனது.

மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போரில் இறந்தார். அஞ்சுவதற்கு இருந்த பெரிய காரணம் போய்விட்டது. ஆனாலும் அதே மாதம் விதிகள் வந்துவிட்டன. மொத்தம் ஐந்து. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வரக் கூடாது, அரசுச் செயலாளர் பார்க்காமல் எதுவும் அச்சேறக் கூடாது, மீறினால் உடனடியாக ஐரோப்பாவுக்கு நாடு கடத்தல் என்று ஒவ்வொன்றும் மிரட்டியது. அவற்றில் முதல் விதிதான் பார்க்க மிகச் சாதுவாக இருந்தது: பத்திரிகையின் அடியில் அச்சடிப்பவர் தன் பெயரைப் போட வேண்டும். மற்ற விதிகளெல்லாம் காலப்போக்கில் உதிர்ந்துபோயின. இந்தச் சாதுவான விதிக்குத்தான் ஆயுள் கெட்டியாக இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், இரண்டே மாதம் கழித்து, அதே ஆண்டு ஜூலையில், லண்டனிலும் அதே யோசனை சட்டமானது. பிரெஞ்சுப் புரட்சியின் அனல் கால்வாயைத் தாண்டி வந்துவிடுமோ என்று பிரதமர் பிட் தூக்கமில்லாமல் இருந்த காலம் அது. தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி தொடங்கிய லண்டன் கடிதத் தொடர்புச் சங்கம், ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை கேட்டுத் துண்டுப் பிரசுரங்களாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. சட்டவிரோதச் சங்கங்கள் சட்டம் அந்தச் சங்கத்தைப் பெயர் சொல்லியே தடை செய்தது. கூடவே, அச்சடித்த ஒவ்வொரு தாளிலும் அச்சகத்துக்காரர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரதிக்கு 20 பவுண்டு அபராதம் என்றது. ஆயிரம் பிரதி அடித்துவிட்டுப் பெயரை மறந்த அச்சகத்துக்காரர் தலையில் 20,000 பவுண்டு விழும்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் ஒளிந்திருந்தது. அச்சடிக்கச் சொல்லிக் கூலி கொடுத்தவரின் பெயரையும் முகவரியையும் ஒரு பிரதியில் எழுதி, அச்சகத்துக்காரர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். அடித்தவர் பெயர் ஊருக்குத் தெரியும். காசு கொடுத்தவர் பெயர் பெட்டிக்குள் இருக்கும். ராஜதுரோகியைப் பிடிக்க அரசாங்கம் விரித்த வலை இது. இதே வலை பின்னாளில் முற்றிலும் வேறு ஆட்களைப் பிடிக்கப் பயன்படும் என்று பிட் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

எண்பது ஆண்டுகள் ஓடின. 1880இல் பிரிட்டனில் நடந்த பொதுத் தேர்தலில் பணம் கணக்கில்லாமல் புரண்டது. ஓட்டுக்குக் காசு என்ற புகார்கள் குவிந்து, பல ஊர்களில் விசாரணைக் கமிஷன்கள் உட்கார்ந்தன. கிளாட்ஸ்டன் அரசு 1883இல் ஊழல் தடுப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. வைத்தவுடன் ஒரு சிக்கல் முளைத்தது. ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டிவிட்டு, அதை நான் ஒட்டவில்லை, யாரோ அபிமானி செய்திருப்பார் என்று வேட்பாளர் கைகழுவினால் வரம்புக்கு என்ன மரியாதை?

அதற்குத்தான் 18ஆம் பிரிவு. தேர்தல் தொடர்பான ஒவ்வொரு சுவரொட்டியிலும் பிரசுரத்திலும் அச்சடித்தவர், வெளியிட்டவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்றது அது. பழைய வலையேதான், ஆனால் மீன் வேறு. ஆட்சியாளர்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கண்டுபிடித்த விதி, வாக்காளரைக் காக்கும் விதியாக உருமாறியது. அது இந்தியாவுக்குக் கப்பலேற மட்டும் நெடுநாள் எடுத்துக்கொண்டது.

இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம், எல்லாப் புத்தகத்திலும் தாளிலும் அச்சடித்தவர் பெயர் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லியிருந்தது. 1920இல் தண்டனைச் சட்டத்தில் தேர்தல் குற்றங்கள் என்று ஓர் அத்தியாயம் சேர்ந்தது. வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரத்திலோ பிரசுரத்திலோ செலவு செய்தால் 500 ரூபாய் வரை அபராதம் என்றது அதன் 171எச் பிரிவு. சுதந்திரம் வந்து, இரண்டு பொதுத் தேர்தல்கள் முடிந்து, மூன்றாவது நெருங்கிய 1961இல்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ பிரிவு நுழைந்தது. தேர்தல் சுவரொட்டியில் அச்சகம், வெளியிடுபவர் பெயர் கட்டாயம். அடிக்கக் கொடுப்பவர் தன்னை இன்னார் என்று எழுதிக் கையெழுத்திட, அவரை நேரில் அறிந்த இருவர் சான்று போட வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டுச் சுவர்களில் தலைவர் படத்துக்குக் கீழே, குனிந்து பார்த்தால்தான் தெரியும் எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருப்பதன் ரகசியம் இதுதான். சுவரும் காகிதமும் இருக்கும்வரை இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. ஆனால் காகிதமே இல்லாத சுவர் ஒன்று அமெரிக்காவில் எழும்பிக்கொண்டிருந்தது.

வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1975இல் செயல்படத் தொடங்கியது அமெரிக்காவின் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம். ஆறு உறுப்பினர்கள், ஒரே கட்சிக்காரர்கள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது, எந்த முடிவுக்கும் நான்கு ஓட்டு வேண்டும். விளம்பரத்துக்கு யார் பணம் கொடுத்தது என்று சொல்ல வேண்டும் என்பது அங்கும் விதிதான். ஆனால் அந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. பேனா, சட்டையில் குத்தும் பேட்ஜ், காரின் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கர் போன்ற சின்னப் பொருள்களில் இடமில்லை என்பதால் விலக்கு. விமானம் வானத்தில் புகையால் எழுதும் எழுத்துக்கும் விலக்கு. நியாயமான விலக்குதான். பேனா மூடியில் முகவரி அச்சடிக்க முடியுமா என்ன? அந்தப் பேனாவின் நிழலில் யாரெல்லாம் ஒதுங்குவார்கள் என்பதுதான் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

முதலில் ஒதுங்கியது கைபேசி. 160 எழுத்துக்குள் அடங்கும் குறுஞ்செய்தியில் பணம் கொடுத்தவர் பெயர் வேண்டாம் என்று 2002இல் ஆணையம் ஒப்புக்கொண்டது. 2004இல் தெற்கு டகோட்டா மாநிலத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த டாம் டாஷலை எதிர்த்து ஜான் தூன் போட்டியிட்டார். இணையத்தில் வலைப்பதிவர்கள் சிலர் டாஷலையும் உள்ளூர்ப் பத்திரிகையையும் நாள்தோறும் வறுத்தெடுத்தார்கள். டாஷல் தோற்றார். அவர்களில் இருவருக்குத் தூனின் பிரசாரக் குழு மொத்தம் 35,000 டாலர் கொடுத்திருந்தது செலவுக் கணக்கில் தெரிந்தது. கணக்கில் காட்டிவிட்டதால் அது குற்றமில்லை. பதிவுகளைப் படித்த வாக்காளருக்குத்தான் விஷயம் தெரியாது.

2006இல் ஆணையம் இணையத்துக்கென்று விதி எழுதியது. அதற்கு முன் இணையத்தை மொத்தமாக விலக்கி வைத்திருந்தது. அது செல்லாது என்று நீதிமன்றம் குட்டியதால்தான் புதிய விதியே. அடுத்தவர் வலைதளத்தில் கட்டணம் செலுத்தி வைக்கும் விளம்பரத்துக்கு மட்டும் விதி பொருந்தும் என்றது ஆணையம். பணம் வாங்கிக்கொண்டு எழுதும் வலைப்பதிவர், வாங்கியதைத் தன் பதிவில் சொல்ல வேண்டியதில்லை. சாமானியரின் பேச்சுரிமையில் கைவைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் திறந்துவைத்த கதவு அது. நல்ல எண்ணம் இல்லாதவர்களும் அதே கதவு வழியாக வரலாம் என்று எச்சரித்தவர்களின் குரல் எடுபடவில்லை.

பிறகு வந்தார்கள் பெரியவர்கள். 2010இல் கூகுள் ஒரு விண்ணப்பத்தோடு நின்றது: எங்கள் தேடல் விளம்பரமே 95 எழுத்துதான், இதில் பெயருக்கு இடமேது? சொடுக்கினால் திறக்கும் பக்கத்தில் பெயர் இருந்தால் போதும் என்று ஆணையம் அனுமதித்தது. 2011இல் ஃபேஸ்புக் ஒரு படி மேலே போய், எங்கும் பெயர் வேண்டாம், பேனாவுக்குக் கொடுத்த விலக்கை எங்களுக்கும் கொடுங்கள் என்றது. உலகத்தையே இணைக்கக் கிளம்பிய நிறுவனம், சட்டத்தின் முன் தன்னை ஒரு பேட்ஜ் அளவுக்குச் சுருக்கிக் காட்டியது. ஆணையம் ஓட்டெடுத்தது. மூன்றுக்கு மூன்று. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கோப்பு மூடப்பட்டது. அந்தச் சூனியத்தில் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் பெயரில்லாமலேயே விளம்பரங்கள் ஓடின.

இரண்டு ஆண்டு கழித்து, 2013இல், உலகின் இரண்டு மூலைகளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. அக்டோபர் 25 அன்று இந்தியத் தேர்தல் ஆணையம் சமூக ஊடகங்களுக்கான அறிவுறுத்தலை வெளியிட்டது. வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். இணைய விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். விளம்பரக் கட்டணம் மட்டுமல்ல, அந்தக் கணக்குகளை நடத்த வைத்திருக்கும் ஆட்களின் சம்பளமும் தேர்தல் செலவில் சேரும். ஆட்களின் சம்பளத்தை எவ்வளவு சரியாகக் கணித்தார்கள் என்பது, இன்னொரு மூலையில் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

அந்த மூலை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். சமையல் ஒப்பந்தங்களில் பணம் பார்த்து அதிபர் மாளிகைவரை செல்வாக்கு வளர்த்த எவ்கெனி பிரிகோஷினின் பணத்தில் இணைய ஆராய்ச்சி முகமை என்ற நிறுவனம் அங்கே தொடங்கியது. ஷிஃப்டு முறையில் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். டெக்சாஸ் தேசபக்தர், கறுப்பின உரிமைப் போராளி, முஸ்லிம் அமைப்பு என்று விதவிதமான அமெரிக்க வேடங்களில் எழுதுவதுதான் வேலை. 2016 மே 21 அன்று ஹூஸ்டனில் ஓர் இஸ்லாமிய மையத்தின் வாசலில் ஒரு கூட்டம் ‘டெக்சாஸை இஸ்லாமாக்காதே’ என்று திரண்டது. தெருவின் எதிர்ப்பக்கம் இஸ்லாமிய அறிவைக் காப்போம் என்று இன்னொரு கூட்டம். இரண்டையும் அழைத்த ஃபேஸ்புக் பக்கங்கள் ஒரே கட்டடத்தில் இருந்து இயங்கியவை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விளம்பரச் செலவு சுமார் 200 டாலர். எதிரெதிரே நின்று கத்தியவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

2017 செப்டம்பர் 6 அன்றுதான் ஃபேஸ்புக் வாய் திறந்தது. போலிக் கணக்குகளும் பக்கங்களும் சுமார் 470. விளம்பரங்கள் சுமார் 3,000. கிடைத்த கட்டணம் சுமார் ஒரு லட்சம் டாலர். அக்டோபர் 31 அன்று செனட் விசாரணையில் அல் ஃபிராங்கன் என்ற உறுப்பினர் ஃபேஸ்புக்கின் வழக்கறிஞரைப் பிடித்துக்கொண்டார். அமெரிக்க அரசியல் விளம்பரத்துக்கு ரூபிளில் பணம் வருகிறது, கோடிக்கணக்கான தகவல்களைக் கோத்துப் பார்க்கும் நிறுவனத்துக்கு அது ஏன் உறைக்கவில்லை என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் வரவில்லை.

அடுத்த சிக்கல் நீதிமன்றத்தில். கூலிக்கு ஆள் வைத்து இணையத்தில் பொய் வேடம் போடுவதற்கென்று அமெரிக்கச் சட்டத்தில் தனிக் குற்றமே இல்லை. 2018 பிப்ரவரி 16 அன்று, ரஷ்யத் தலையீட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லர் 13 பேர் மீதும் மூன்று நிறுவனங்கள் மீதும் குற்றம் சாட்டியபோது, தேர்தல் ஆணையம் போன்ற அமைப்புகளை வேலை செய்ய விடாமல் அமெரிக்க அரசை ஏமாற்றச் சதி செய்தார்கள் என்ற பிரிவையே முதலில் வைத்தார். அந்தக் குற்றப்பத்திரிகையில் ஓர் எண் இருந்தது. 2016 செப்டம்பரில் முகமையின் வேலைகள் அடங்கிய திட்டத்தின் மாதச் செலவு 12.5 லட்சம் டாலருக்கும் மேல். ரஷ்யாவுக்குள்ளும் பிற நாடுகளிலும் செய்த வேலையும் சேர்ந்த தொகை அது. ஆனாலும் இரண்டு ஆண்டில் ஃபேஸ்புக்குக்குப் போன விளம்பரக் கட்டணம் ஒரு லட்சம் டாலர்தான். காசெல்லாம் விளம்பரத்தில் இல்லை, ஆட்களில் இருந்தது. அவர்கள் எழுதிய இலவசப் பதிவுகள் 12.6 கோடிப் பேர் வரை எட்டியிருக்கலாம் என்றது ஃபேஸ்புக்கே. அந்த எண்ணை நின்று கவனிக்க யாருக்கும் நேரமில்லை. எல்லோர் கண்ணும் விளம்பரத்தின் மேல்தான்.

விளம்பரத்தில் பெயர் போட வைக்கும் மசோதாவை மூன்று செனட் உறுப்பினர்கள் 2017 அக்டோபரிலேயே கொண்டுவந்திருந்தார்கள். அது நிறைவேறவில்லை. சட்டம் வருவதற்குள் தானே முந்திக்கொள்வது நல்லது என்று ஃபேஸ்புக் முடிவு செய்தது. அமெரிக்காவில் விளம்பரம் கொடுப்பவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்; அவர் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு ரகசிய எண் போகும்; அதைத் திரும்பத் தட்டச்சு செய்தால்தான் அனுமதி. உலகின் மிக நவீன நிறுவனம் கடைசியில் தபால்காரரை நம்பியது. 2018 மே 24 அன்று அரசியல் விளம்பரங்களின் தலையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி முளைத்தது: ‘பணம் செலுத்தியவர்: இன்னார்’.

இன்று தேர்தல் காலத்தில் கைபேசியை விரலால் தள்ளும்போது கண்ணில் பட்டும் படாமலும் கடந்துபோகும் அந்த வரி பிறந்தது இப்படித்தான். திப்பு பயத்திலும் புரட்சி பயத்திலும் கருவாகி, சுவரொட்டியில் வளர்ந்த அதற்கு, 2011இல் இடமில்லை என்று ஃபேஸ்புக்கே மறுத்த அதே திரையில் இடம் கிடைத்துவிட்டது. 2019 மக்களவைத் தேர்தலுக்கு முன், பிப்ரவரியில், இந்தியாவுக்கும் வந்தது.

பிறந்த குழந்தைக்கு ஐந்தே மாதத்தில் முதல் விபத்து. 2018 அக்டோபரில் வைஸ் நியூஸ் செய்தியாளர்கள் 100 செனட் உறுப்பினர்களின் பெயரிலும் ஒவ்வொன்றாக விளம்பரம் போட விண்ணப்பித்தார்கள். நூறுக்கும் அனுமதி கிடைத்தது. துணை அதிபர் மைக் பென்ஸ் பெயருக்கும் கிடைத்தது. விளம்பரம் போடும் ஆளைச் சரிபார்த்தார்களே தவிர, பணம் கொடுத்தவர் என்று அவர் எழுதும் பெயரை யாரும் சரிபார்க்கவில்லை. முல்லரின் வழக்கும் நீர்த்துப்போனது. குற்றம் சாட்டப்பட்ட ரஷ்யர்கள் நீதிமன்றப் பக்கமே வரவில்லை; வழக்காட வந்த நிறுவனத்தின் மீதான வழக்கை 2020 மார்ச்சில், விசாரணை தொடங்குமுன், அரசே கைவிட்டது. 2023 பிப்ரவரியில் பிரிகோஷின், அந்த முகமையைத் தொடங்கியதே நான்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார். ஆனால் அவர் காட்டிய வழியில் பெரிய நாடகம் இனிமேல்தான் அரங்கேற இருந்தது.

2024 நவம்பர் 24, ருமேனியா. அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் சுயேச்சை வேட்பாளர் கெலின் ஜார்ஜெஸ்கு சுமார் 23 சதவீத ஓட்டோடு முதலிடம் பிடித்தார். அவர் காட்டிய பிரசாரச் செலவு பூஜ்யம். வெற்றியின் மேடை டிக்டாக். அரசியல் விளம்பரமே கூடாது என்று 2019 முதல் தடை வைத்திருக்கும் தளம். விளம்பரமே இல்லாத இடத்தில் சாம்பல் நிற வரிக்கு வேலையில்லை. அரசு வெளியிட்ட உளவு அறிக்கைகளின்படி, ஒரே ஒரு கணக்கிலிருந்து ஒரு மாதத்தில் 3,81,000 டாலர், அவரை ஆதரித்துப் பதிவிட்டவர்களுக்குப் போயிருந்தது. டிசம்பர் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. அப்போது வெளிநாடுவாழ் ருமேனியர்கள் இரண்டாம் சுற்றுக்கு ஓட்டுப்போடத் தொடங்கியிருந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. நல்ல அதிபர் எப்படி இருக்க வேண்டும் என்று யார் பெயரையும் சொல்லாமல் பேசுமாறு டிக்டாக் பிரபலங்கள் பலருக்குப் பணம் போயிருந்தது. அந்த வீடியோக்களின் கீழே ஜார்ஜெஸ்குவின் பெயர் மொய்த்தது. அந்தப் பணம் தேசிய லிபரல் கட்சியுடையது என்று வரித்துறை கண்டறிந்ததாக டிசம்பர் பிற்பகுதியில் ருமேனியச் செய்தியாளர்கள் வெளியிட்டார்கள். அந்தக் கட்சிக்கோ சொந்தமாக ஒரு வேட்பாளர் களத்தில் இருந்தார். தங்கள் பிரசாரத்தை யாரோ திசைதிருப்பிவிட்டார்கள் என்றது கட்சி. யார் யாருக்காகப் பணம் கொடுத்தார்கள் என்பது தேர்தல் முடிந்த பிறகும் குழப்பமாகவே இருந்தது.

இந்த ஓட்டையை அடைக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே, 2024 மார்ச்சில், எழுதி முடித்திருந்தது. பணம் கொடுத்தவர் யார், எவ்வளவு, எந்தத் தேர்தலுக்காக என்று எல்லாம் சொல்ல வேண்டும். பிரபலங்களுக்குக் கூலி கொடுத்துப் பேசவைப்பதும் அதில் அடங்கும். மீறினால் ஆண்டு வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம். 2025 அக்டோபர் 10 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சாம்பல் வரிக்கு இதுவரை கிடைத்த மிகக் கடுமையான வடிவம் இது. ஆனால் விதிகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று சொல்லி கூகுளும் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசியல் விளம்பரம் வாங்குவதையே நிறுத்திவிட்டன. வரி கடுமையானதும் அது அமர வேண்டிய விளம்பரமே அங்கிருந்து கிளம்பிவிட்டது. கூலிப் பேச்சு கிளம்பவில்லை.

இந்தியாவில் 1920இன் 500 ரூபாய் அபராதம், 2024 ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் வந்தபோது 10,000 ரூபாய் ஆனது. 127ஏ சொல்லும் 2,000 ரூபாய் அப்படியே இருக்கிறது. சோப்பையோ கிரீமையோ பணம் வாங்கிக்கொண்டு புகழும் சமூக ஊடகப் பிரபலம் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. அது பொருள்களுக்கும் சேவைகளுக்கும்தான். வேட்பாளர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சோப்புக்குக் கிடைத்த பாதுகாப்பு ஓட்டுக்குக் கிடைக்கும்வரை, அந்தச் சின்ன வரி பாதிப் பிறவிதான்.